பெல்லந்தூர் ஏரிக்கரையில் வீடு வாங்கியவர்களுக்கு

பெங்களூரு பெல்லந்தூரில் ஏரியைப் பார்த்த வீடு என்றால் விலையே தனி. எங்கள் குடியிருப்பிலும் அப்படித்தான், பின்பக்கத்து வீடுகளைவிடச் சில லட்சங்கள் கூடக் கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறோம். ஏரி நாறுகிறது என்றால் அரசாங்கத்தைத் திட்டுகிறோம், ஆக்கிரமித்தவர்களைத் திட்டுகிறோம். திட்ட வேண்டியதுதான். ஆனால் நம் குளியலறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் போகும் தண்ணீர் எங்கே போகிறது என்ற பேச்சு வாட்ஸ்அப் குழுவில் ஒருநாளும் வருவதில்லை. அதைப் பேசத்தான் இந்தப் பதிவு.

பெங்களூரின் மிகப்பெரிய ஏரி இது, கிட்டத்தட்ட 900 ஏக்கர். ஒரு காலத்தில் இதன் தண்ணீரில் நெல் விளைந்தது, மீன் பிடித்தார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால், சின்ன வயதில் இதே தண்ணீரைக் குடித்தோம் என்கிறார்கள். அப்புறம் நகரத்தின் சாக்கடையில் பெரும்பகுதி மழைநீர் வர வேண்டிய ராஜகாலுவே என்ற பெரிய கால்வாய்கள் வழியாக இங்கே வந்து சேர ஆரம்பித்தது. 2015-ல் ஏரி தீப்பிடித்தது, 2017-ல் மறுபடியும். 2018 ஜனவரியில் எரிந்தபோது தீயை அணைக்க ராணுவ வீரர்கள் ஆயிரக்கணக்கில் இறங்க வேண்டியிருந்தது. 2022 செப்டம்பர் மழையில் கோடிக்கணக்கில் விலைபோகும் வில்லாக்களிலிருந்து ஆட்களை டிராக்டரில் ஏற்றிக் கூட்டிவந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். கால்வாயை அடைத்துக் கட்டினால் தண்ணீர் வேறு எங்கே போகும்?

சரி, நம் வீட்டுக்கு வருவோம். பெரிய குடியிருப்பு ஒவ்வொன்றிலும் தரைத்தளத்துக்குக் கீழே ஒரு எஸ்டிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், இருக்கிறது. பெரும்பாலானோர் அந்தப் பக்கம் போனதே இல்லை. நான் அடிக்கடி போவேன். தொட்டிக்குள் ப்ளோயர் காற்றை அடித்துக்கொண்டே இருக்கும், தண்ணீர் பழுப்பு நிறத்தில் கொதிப்பதுபோல் புரளும். அழுக்கைத் தின்று தீர்ப்பது அந்தத் தண்ணீருக்குள் இருக்கும் பாக்டீரியாக்கள்தான். அவற்றுக்குக் காற்று வேண்டும், இரவும் பகலும் வேண்டும். மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க ராத்திரிதோறும் மணிக்கணக்கில் ப்ளோயரை நிறுத்தினால் அவை நலிந்துபோகும், பெருமளவு செத்துவிட்டால் திரும்ப வளர்த்தெடுக்க வாரக்கணக்காகலாம். அதுவரை பெயருக்குத்தான் எஸ்டிபி. உள்ளே வந்த சாக்கடை சரியாகச் சுத்தமாகாமலே வெளியே போகும். எஸ்டிபியில் சுத்திகரித்துத் திரும்ப வரும் ஃப்ளஷ் தண்ணீர் நாறுகிறது என்று குழுவில் புகார் வரும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது ப்ளோயர் எத்தனை மணி நேரம் ஓடியது என்றுதான். பராமரிப்புக் கட்டணத்தைக் குறைக்கிறேன் என்று சொல்லிச் சங்கத் தேர்தலில் நிற்பவர்கள் முதலில் கைவைப்பதும் இதில்தான்.

தமிழர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பெல்லந்தூர் ஏரி நிறைந்தால் வர்த்தூர் ஏரிக்குப் போகும், அங்கிருந்து தென்பெண்ணைக்கு. எல்லை தாண்டியதும் ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஓசூர் வழியாகத்தானே ஊருக்குப் போகிறோம், மழைக்காலமாக இருந்தால் ஒருமுறை வண்டியைத் திருப்பி அங்கே போய்ப் பாருங்கள். மதகிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் வெள்ளை நுரை மலைபோல் குவிந்து நிற்கும். காற்றடித்தால் பிய்ந்து பறந்து பக்கத்து வயலில் போய் விழும். தரைப்பாலத்தில் நுரை ஏறிவிட்டால் பைக்கில் வருகிறவருக்கு எதிரில் என்ன வருகிறது என்றே தெரியாது. துணி துவைத்த சோப்புத்தூளும் வழியில் இருக்கும் ஆலைகளின் கழிவும் சேர்ந்து வருகிற நுரை அது. அந்தத் தண்ணீரில்தான் அங்கே காய்கறி விளைகிறது. அதே ஆறு கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று போய்க் கடலூரில் கடலில் கலக்கிறது. தண்ணீர் விடவில்லை என்று கர்நாடகத்தோடு சண்டை போடும் நம் ஊர்க்காரர்களுக்கு, தென்பெண்ணையில் என்ன கலந்து வருகிறது என்பதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று சொன்னால் கோபம் வருகிறது. வரட்டும்.

ஒரு குடியிருப்பு சரியாக நடந்தால் மட்டும் ஏரி சுத்தமாகிவிடுமா என்று கேட்பார்கள். ஆகாது. நகரத்தின் சாக்கடை முழுவதும் சுத்திகரிக்கப்படும்வரை ஏரி தேறாது, அது அரசு செய்ய வேண்டிய வேலை. ஆனால் கோடி ரூபாய் கொடுத்து வீடு வாங்கிய நாம், மாதம் சில நூறு ரூபாய் கூடக் கொடுத்து ப்ளோயரை ஓட விட முடியாது என்றால், அதிகாரிகளிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

எங்கள் பொதுக்குழு அடுத்த மாதம் கூடுகிறது. கிளப் ஹவுஸைப் புதுப்பிக்கும் செலவைத் தள்ளிவைத்துவிட்டு அந்தப் பணத்தை எஸ்டிபிக்கு ஒதுக்க வேண்டும், வெளியேறும் தண்ணீரை மாதாமாதம் வெளி ஆய்வகத்தில் சோதித்து முடிவை லிஃப்டில் ஒட்ட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். பெல்லந்தூர், வர்த்தூர், இப்பலூர், சர்ஜாப்பூர் சாலைப் பக்கம் இருக்கும் நண்பர்கள் உங்கள் சங்கத்திலும் இதையே கேளுங்கள். தீர்மானத்தின் வாசகம் வேண்டுமென்றால் உள்பெட்டிக்கு வாருங்கள், கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தயாராக வைத்திருக்கிறேன்.