படத்தில் ஐந்து பேர் இருக்கிறார்கள்

நேற்றைய அந்தப் பதிவைப் பார்த்திருப்பீர்கள். பெயர் சொல்லப்போவதில்லை. ஏற்கெனவே நானூறு பேர் ஹார்ட்டின் விட்டுக் கொண்டாடிவிட்டார்கள், நான் வேறு எதற்கு விளம்பரம் கொடுக்க வேண்டும்? 'தி மிடில்' என்கிற அமெரிக்க காமெடித் தொடரின் ஹெக் குடும்பம் டிவி முன்னால் சோபாவில் உட்கார்ந்து பர்கர் பொட்டலத்தைப் பிரிக்கிற படம். மேலே ஒரு வரி: "அம்மா சரியில்லை என்றால் வீடு இப்படித்தான்."

படத்தில் ஐந்து பேர் இருக்கிறார்கள் ஐயா. மூன்று பேர் பிள்ளைகள். ஒருத்தி அம்மா. மிச்சமிருக்கிற அந்த நெட்டை மனிதர் யார்? பக்கத்து வீட்டுக்காரரா?

2009இலிருந்து 2018 வரை ஏபிசி சேனலில் ஒன்பது சீசன், 215 எபிசோட் ஓடிய தொடர் இது. இண்டியானா மாநிலத்தில் ஆர்சன் என்றொரு கற்பனை ஊர். அந்த நெட்டை மனிதர்தான் அப்பா மைக், கல்குவாரியில் மேனேஜர். அம்மா ஃப்ராங்கி கார் விற்கிறாள். அதாவது, விற்கப் பார்க்கிறாள். அந்த வேலையும் போன பிறகு பல் டாக்டரிடம் உதவியாளராகச் சேர்கிறாள். மளிகை வாங்குவது ஃப்ரூகல் ஹூசியர் என்கிற மலிவுக் கடையில், தேதி தாண்டிய சரக்காகப் பார்த்து. இருவர் சம்பாதித்தும் இழுத்துப் பறித்துக்கொண்டு ஓடுகிற குடும்பம். அவள் வேலை முடிந்து வந்து மூன்று வகை காய் வைத்துச் சமைத்திருந்தால் நம் நண்பருக்கு மனம் குளிர்ந்திருக்கும்.

(அதே 2009இல், அதே சேனலில், அதே புதன்கிழமை ராத்திரி வரிசையில் ஆரம்பித்த 'மாடர்ன் ஃபேமிலி' வரிசையாக ஐந்து வருடம் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருது வாங்கியது. 'தி மிடில்' அந்தப் பிரிவில் ஒரு தடவைகூடப் பரிந்துரைப் பட்டியலில் வரவில்லை. அழகான வீடு, பெரிய சமையலறை இருந்தால் விருதும் வரும் போல.)

"காமெடித் தொடர்தானே, ஏன் இவ்வளவு டென்ஷன்?" என்பீர்கள். இதை அவரிடம் கேளுங்களேன். காமெடித் தொடரை வைத்து ஊரிலுள்ள அம்மாக்களுக்கெல்லாம் மார்க் போட்டது நானா?

"அப்போ பர்கர் உடம்புக்கு நல்லதா?" நல்லதில்லை. சரி. அடுத்து.

"அவள் மறதிக்காரிதானே?" ஆமாம். நடுப்பெண் ஸூ விஷயத்தில் அந்த வீடே ரொம்ப அநியாயம், எனக்கே பொறுக்காது. ஆனால் மறந்தது வீடு, பழி ஃப்ராங்கிக்கு மட்டும். மைக் பேசாமல் இருந்தால் அழுத்தமான மனுஷன். ஃப்ராங்கி மறந்தால் பொறுப்பில்லாதவள். மைக் நல்லவர்தான், யார் இல்லை என்றது? பிள்ளைகள் இருவருக்கும்தானே பிறந்தார்கள் என்றுதான் கேட்கிறேன்.

முதல் எபிசோட்டில் ஃப்ராங்கி சூப்பர் ஹீரோ உடையில் நடுரோட்டில் நிற்பாள். எல்லோரும் சிரிக்கிற இடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, மார்ச் மாதம், ஆபீஸில் இயர் எண்டிங் கணக்கு. ராத்திரி எட்டரைக்கு பரோட்டா பார்சலோடு வீட்டுக்குள் நுழைகிறேன், "அம்மா, நாளைக்கு நான் பாரதியார்" என்கிறாள். மாறுவேடப் போட்டி. சுற்றறிக்கை டைரியில் பத்து நாளாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஆறு மணிக்கே வந்துவிட்டார், டைரி அவர் உட்கார்ந்திருந்த சோபாவிலேயே கிடந்தது. வெள்ளைத் துண்டில் முண்டாசு, கண்மையில் மீசை, அவருடைய பழைய கோட்டை மடித்து ஊசி நூலால் பிடித்து முடித்தபோது மணி பன்னிரண்டரை. மறுநாள் வெயிலில் மீசை கரைந்து கன்னமெல்லாம் கறுப்பு. டைரியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு வந்தது: "அம்மா இன்னும் கொஞ்சம் அக்கறை எடுக்கவும்."

அம்மா. பெற்றோர் என்றுகூட எழுதத் தோன்றவில்லை அந்த டீச்சருக்கு. அவரும் வேலைக்குப் போகிற அம்மாதான், அதுதான் இன்னும் வலித்தது.

"எல்லா ஆண்களும் அப்படி இல்லை" என்று கமெண்டில் கிளம்பி வருபவர்களே, தெரியும். நீங்கள் பால் காய்ச்சுவீர்கள். என் வீட்டுக்காரரும் காய்ச்சுவார். அதற்கு என் மாமியாரிலிருந்து மாடி வீட்டு அக்கா வரை "கொடுத்து வச்சவ நீ" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பதினெட்டு வருடமாக நான் கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸுக்கு யாரும் அவரைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை.

ஃப்ராங்கிக்காக ஆரம்பித்து எங்கேயோ வந்துவிட்டேன். பரவாயில்லை, எழுதியதை அழிக்கப்போவதில்லை.

அந்த பாரதியார் போட்டோ இப்போதும் அவர் போனில் இருக்கிறது. மகளின் பிறந்தநாள் தவறாமல் ஸ்டேட்டஸில் போடுவார். போன மாதமும் போட்டார். "செம க்யூட்", "சூப்பர் டாடி" என்று வரிசையாக வந்து விழுந்தது. நானும் ஒரு ஹார்ட்டின் போட்டேன்.