ஜெர்மனி பிள்ளைகளுக்கு ஹார்வர்ட்ல உதவி கிடையாதா? அந்த ஃபார்வர்ட் தப்பு

"அமெரிக்க டாப் யுனிவர்சிட்டிங்கள்ல வெளிநாட்டு ஸ்டூடண்ட்ஸுக்கு ஒரு பைசா உதவி கிடையாது, கேட்டாலே ரிஜெக்ட், அபிட்டூர்ல (ஜெர்மனி ப்ளஸ் டூ மாதிரி பரீட்சை) 1.0, அதான் அங்க டாப் மார்க், எடுத்து முழு ஃபீஸ் கட்டினா நேரா சீட்"னு ஒரு மெசேஜ் ஜெர்மனி தமிழ் வாட்ஸ்அப் குரூப்கள்ல சுத்துது. கிட்டத்தட்ட எல்லாமே தப்புங்க.

ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி நாலுமே, எந்த நாட்டு பாஸ்போர்ட்டா இருந்தாலும் வீட்ல காசு இருக்கா இல்லையானு பாத்து சீட்டை முடிவு பண்றதில்ல, சீட் கிடைச்சா குடும்பத்தால கட்ட முடியாத மிச்சத்துக்கு யுனிவர்சிட்டியே வழி பண்ணும், பிரின்ஸ்டன்ல 2001லேருந்து அந்த உதவில கடனே கிடையாது. அப்பா அம்மாவோட ஷ்டாயர்பெஷைட், அதான் டேக்ஸ் ஆபீஸ்லேருந்து வருஷா வருஷம் வர்ற லெட்டர், அந்த மாதிரி வருமான பேப்பர் கேப்பாங்க, எடுத்து வைங்க. ஸ்டான்ஃபோர்ட் வேற மாதிரி, வெளிநாட்டு பிள்ளை உதவி கேட்டா, சீட் முடிவு பண்றப்போ அதையும் கணக்குல எடுப்பாங்க. மெசேஜ்ல இருக்கற கொஞ்சூண்டு உண்மை அதுதான்.

1.0 எடுத்தா சீட்டுங்கறது அபிட்டூர் மார்க்குக்கு பெரிய வெயிட் இருக்கற ஜெர்மனி மெடிசின் சீட்டை பாத்து பழகின நினைப்பு. ஹார்வர்டுக்கு ஜனவரி 1க்குள்ள அப்ளை பண்ணணும், அபிட்டூர் ரிசல்ட்டே அதுக்கு பல மாசம் கழிச்சுதான் வரும்! அவங்க பாக்கறது முந்தின வருஷ ஸ்கூல் மார்க், டீச்சர் லெட்டர், கட்டுரை எல்லாம் சேத்து. எம்ஐடிக்கு எஸ்ஏடி இல்லன்னா ஏசிடி (ரெண்டுமே அமெரிக்க காலேஜ் அட்மிஷனுக்கான பரீட்சை) கட்டாயம்.

ஒவ்வொரு யுனிவர்சிட்டியோட சொந்த சைட்லயும் நிதி உதவி, அட்மிஷன் பக்கங்கள்ல இதெல்லாம் தெளிவா இருக்கு, ரெண்டு நிமிஷம் பாருங்க. இதை நம்பி ஒரு பிள்ளை அப்ளை பண்ணாமலே விட்டுடக்கூடாது, தயவுசெஞ்சு இனிமே இதை யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க.