200 மணி நேரம் சரி, அதுக்குள்ள என்ன இருக்கு?

எல்லோரும் ஷேர் செய்யும் அந்த விமானிப் பயிற்சிப் பள்ளியின் விளம்பர ரீலை நானும் பார்த்துவிட்டேன். இனி யாரும் டேக் செய்ய வேண்டாம். மாஸ் பி.ஜி.எம்., கூலிங் கிளாஸ், தோளில் நாலு கோடு, "பிளஸ் டூ முடிச்சு 18 மாசத்துல ஏர்பஸ் காக்பிட்!" நாலு கோடு கேப்டனுக்கு உரியது, பயிற்சி மாணவனுக்கு எதற்கு என்று கேட்டால் அதற்கும் சண்டைக்கு வருவார்கள், விடுங்கள். எரிச்சல் அதில் இல்லை. ஒருவர் கீழே மரியாதையாக, "200 மணி நேரம் பறந்தவர் 180 பேரை ஏற்றிக்கொண்டு போகிற அளவுக்கு இந்தப் பயிற்சி போதுமா?" என்று கேட்டார். பள்ளியின் பதில்: "பொறாமை." கூடவே ஒரு சிரிப்பு எமோஜி.

கேள்வி நியாயமானது. பதில் சொல்லத் தெரியாதவன்தான் சிரிப்பான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே பறக்கும் பள்ளிகள் பிள்ளைகளை லைசென்ஸுக்குத் தயார் செய்கின்றன. ஏர்லைனுக்குத் தயார் செய்வதில்லை. இரண்டும் வேறு வேறு வேலை.

சி.பி.எல். எனும் வணிக விமானி லைசென்ஸுக்கு, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ. கேட்பது மொத்தம் 200 மணி நேரம். அதில் 100 மணி நேரம் தனிப் பொறுப்பில். அதற்குள் 20 மணி நேரம் ஊர் விட்டு ஊர் பறக்கும் கிராஸ் கன்ட்ரி, ஒரு தடவையாவது 300 நாட்டிக்கல் மைல். 10 மணி நேரம் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் இன்ஸ்ட்ருமென்ட், அதிலும் 5 வரை சிமுலேட்டரில் கழித்துக்கொள்ளலாம். இரவில் 5 மணி நேரம், 10 டேக்-ஆஃப், 10 லேண்டிங். எல்லாமே கணக்கு. கணக்கை நிரப்பினால் போதும் என்றால் பள்ளி எதைச் செய்யும்? நிரப்பும். வானம் பளிச்சென்று இருக்கும் காலையில், அதே ஊர், அதே ரூட், அதே ரன்வே. மழை மேகம் தெரிந்தால் அன்றைக்கு லீவு. நூறாவது மணி நேரத்தில் கற்றுக்கொண்டதையேதான் நூற்றைம்பதாவதிலும் மாணவன் செய்துகொண்டிருப்பான். பறக்காமலே லாக்புக்கில் ஏற்றுவதற்கு இந்தத் தொழிலில் "பார்க்கர் பேனா மணி நேரம்" என்று பெயரே உண்டு. பெயர் வைக்கும் அளவுக்குப் பழைய வியாதி. அதை நான் இங்கே பேசவில்லை. நேர்மையாகப் பறந்த 200 மணி நேரத்தைத்தான் பேசுகிறேன்.

ஸ்டாலை எடுத்துக்கொள்வோம், அதாவது மூக்கு அளவுக்கு மேல் தூக்கி, இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது. செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானத்தில் பள்ளி சொல்லித் தருவது: பவரைக் குறை, மூக்கைத் தூக்கு, எச்சரிக்கை ஹார்ன் அடித்ததும் மூக்கைக் கொஞ்சம் இறக்கி முழு பவர் கொடு, உயரத்தை இழக்காதே. உயரம் எவ்வளவு குறைவாக இழக்கிறாயோ அவ்வளவு சபாஷ். சின்ன விமானத்தில் இது பலிக்கும். புரொப்பல்லர் தள்ளும் காற்று இறக்கையின் உள்பகுதி மீதும் வால் மீதும் அடிப்பதால் பவர் கொடுத்ததுமே பலன் தெரியும். ஜெட்டில் அந்தக் கதை கிடையாது. இன்ஜின் சும்மா சுற்றும் ஐடிலிலிருந்து முழு வேகம் எடுக்கவே சில நொடிகள் ஆகும். இன்ஜின் இறக்கைக்குக் கீழே தொங்குவதால், வேகம் செத்துக் கிடக்கும் நேரத்தில் முழு திரஸ்ட் (தள்ளுவிசை) கொடுத்தால் மூக்கு இன்னும் மேலேதான் போகும். 38,000 அடியில் கொடுக்க மிச்சத் திரஸ்டே இருக்காது. அங்கே மூக்கை இறக்கி, உயரத்தை மனசார விட்டுக்கொடுத்தால்தான் பிழைப்பு. "உயரத்தை விடாதே" என்று இருபது வயதில் உடம்பில் ஏற்றிவிட்டதை பிற்பாடு எப்படிக் கழற்றுவது?

2009 பிப்ரவரியில் அமெரிக்காவில் பஃபலோ பக்கத்தில் கோல்கன் 3407 என்ற பயணிகள் விமானம். ஸ்டால் வரப்போகிறது என்று ஸ்டிக் ஷேக்கர் கையை உலுக்கி எச்சரிக்கிறது, கேப்டன் மூக்கு மேலே போகும்படி கன்ட்ரோலைப் பின்னால் இழுக்கிறார். ஸ்டிக் புஷர் தானாகவே மூக்கைத் தள்ளுகிறது, அதையும் மீறி இழுக்கிறார். 50 பேர் போனார்கள். அதே ஆண்டு ஜூன் 1, அட்லாண்டிக் மேல் ஏர் பிரான்ஸ் 447. வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாயில் பனி அடைத்து வேகக் காட்டி குழம்பியது, ஆட்டோபைலட் கழன்றது. ஓட்டிக்கொண்டிருந்தவர் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தார். ஸ்டால் எச்சரிக்கை கத்தக் கத்த, 38,000 அடியிலிருந்து மூன்றரை நிமிடம் விழுந்தது. 228 பேர்.

"அப்போ அமெரிக்கா மாதிரி ஏர்லைன்ல சேர 1,500 மணி நேரம் வைக்கணும்னு சொல்றீங்களா?" இல்லை சார். கோல்கன் விபத்துக்குப் பிறகுதான் அந்த 1,500 விதி வந்தது, 2013-இல் அமலானது. ஆனால் அந்த காக்பிட்டில் இருந்த இருவருமே 1,500-ஐ எப்போதோ தாண்டியவர்கள். கேப்டன் 3,000-க்கு மேல், துணை விமானி 2,000-க்கு மேல். மணி நேரத்தைக் கூட்டினால் கணக்குதான் கூடும். நான் கேட்பது, அந்த மணி நேரத்துக்குள் என்ன இருக்கிறது என்று. ஐரோப்பாவில் 2019 டிசம்பரிலிருந்து கட்டுப்பாடு இழந்த விமானத்தை மீட்கும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். 5 மணி நேரம் வகுப்பு, 3 மணி நேரம் நிஜ விமானத்தில், பக்கத்தில் பயிற்றுநரோடு. வெறும் மூன்று மணி நேரம்தான். நம்ம ஊர் விளம்பரம் எதிலாவது அந்தப் பேச்சு காதில் விழுந்ததுண்டா? யூனிஃபார்மில் டிரோன் ஷாட் எடுக்க நேரம் இருக்கிறது.

அடுத்த ஆட்சேபம் ரெடியாக இருக்கும்: "அதெல்லாம் டைப் ரேட்டிங்ல ஏர்லைன் சொல்லித் தரும்." தரும். இல்லை என்று சொல்லவில்லை. நம்ம ஏர்லைன்களின் பயிற்சித் துறைகள் உண்மையிலேயே உழைக்கின்றன. வகுப்பு, சிமுலேட்டர், காலி விமானத்தில் லேண்டிங், பிறகு டிரெயினிங் கேப்டன் பக்கத்தில், தொடக்கத்தில் பின் சீட்டில் ஒரு சேஃப்டி பைலட். ஆனால் டைப் ரேட்டிங் என்பது ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவனுக்கு ஒரு குறிப்பிட்ட விமானத்தைச் சொல்லித் தருவது. ஓட்டச் சொல்லித் தருவதற்கு அங்கே நேரம் கிடையாது.

ஏர்பஸ் ஏ320 சிமுலேட்டரில் இதைப் பச்சையாகப் பார்க்கலாம். எப்படித் திருப்புவது என்று காட்டும் ஃபிளைட் டைரக்டரும், வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆட்டோ திரஸ்டும் இருக்கும் வரை பையன் ராஜா. இரண்டையும் அணைத்துவிட்டு, ரன்வேக்கு வழிகாட்டும் ஐ.எல்.எஸ். ஊசியை மட்டும் பார்த்து இறக்கு என்றால் ஆட்டம் ஆரம்பம். செஸ்னாவில் 65 நாட் (மணிக்கு நாட்டிக்கல் மைல்) வேகத்தில் வந்தவன் இங்கே 135-இல் வருகிறான், நிமிடத்துக்கு 700 அடி இறங்குகிறான். ஊசி அரைப் புள்ளி விலகினதும் அதைத் துரத்துகிறான். துரத்தும்போது வேகத்தைப் பார்க்க மறக்கிறான். வேகம் 128-க்கு வந்ததும் திடுக்கிட்டு திரஸ்ட் லிவரைத் தள்ளுகிறான். இன்ஜின் யோசித்து யோசித்து ஏறி, தேவைக்கு மேல் போய் 150. அதற்குள் உயரம் 1,000 அடிக்கு வந்துவிடும். இந்த இடத்தில் வேகம், இறங்கும் விகிதம், பாதை எல்லாம் ஒழுங்காக இல்லையென்றால் கோ அரவுண்ட் போக வேண்டும், அதாவது இறங்காமல் மேலே ஏறி மறுபடி வர வேண்டும். வாயைத் திறக்க மாட்டான். இன்னும் இறக்கிக் காட்டத்தான் பார்ப்பான்.

ஏன்? பள்ளியில் கோ அரவுண்ட் என்றால் தோல்வி. "ஒழுங்கா இறக்கத் தெரியலையா?" என்று திட்டு. தானாக முடிவெடுத்து கோ அரவுண்ட் போனதற்காக ஒரு மாணவனைத் தட்டிக்கொடுக்கும் பயிற்றுநர் கிடைத்தால் அந்தப் பள்ளியின் காலில் விழுந்து சேரலாம்.

"ஆட்டோபைலட்தானே ஓட்டுது, ஏன் இவ்வளவு பில்டப்?" 2013 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ, ஏசியானா 214. நல்ல வெயில், தெளிவான வானம். இறங்கும் சரிவைக் காட்டும் கிளைடு ஸ்லோப் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். ஆட்டோ திராட்டில் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். 137 நாட் வேகத்தில் வந்திருக்க வேண்டியது 103 வரை விழுந்து, ரன்வேக்கு முன்னால் கடல் தடுப்புச் சுவரில் வால் இடித்தது. ஓட்டியவருக்கு 9,000 மணி நேரத்துக்கு மேல் அனுபவம்.

இப்போது ஒருவர் வருவார்: "நீங்க சொல்ற எல்லாமே அனுபவசாலிங்க செஞ்ச விபத்து. புதுப் பசங்க மேல ஏன் பாயறீங்க?" பையன்கள் மேல் பாயவில்லை. திரும்பப் படியுங்கள். 60, 70 லட்சம் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை மேல் எனக்கு என்ன கோபம்? அவனுக்குச் சொல்லித் தராதவன் மேல்தான் கோபம்.

அனுபவசாலி தப்பு செய்வான் என்பதற்காகத்தான் பக்கத்து சீட்டில் இன்னொருவரை உட்கார வைக்கிறோம். 2010 மே 22, மங்களூர். கேப்டனுக்குப் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல். அதிக உயரத்தில், அதிக வேகத்தில் வருகிறார். துணை விமானி மூன்று தடவை கோ அரவுண்ட் சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. 158 பேர். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. மழை, பின்காற்று, ரன்வேயில் 4,400 அடி தாண்டித்தான் சக்கரம் பட்டது. அங்கேயும் துணை விமானி சொன்னார். 21 பேர். காக்பிட்டில் இருந்த மேல்-கீழ் மரியாதையையும், துணை விமானி கட்டுப்பாட்டைக் கையில் எடுக்காததையும் விசாரணை அறிக்கை எழுதியே வைத்திருக்கிறது. சொல்லத் தெரிந்திருக்கிறது. "ஐ ஹேவ் கன்ட்ரோல்ஸ்" என்று கையில் எடுக்க வரவில்லை. எப்படி வரும்? பள்ளியில் முதல் நாளிலிருந்து "எஸ் சார்." பயிற்றுநர் செக்லிஸ்டில் ஒரு வரியை விட்டால்கூடச் சுட்டிக்காட்டப் பயம். அடுத்த வாரம் பறக்க ஸ்லாட் அவர் கையில்தானே இருக்கிறது! அந்தப் பயத்தோடு வருபவனை ஏர்லைன், காக்பிட்டில் சேர்ந்து வேலை செய்யச் சொல்லித் தரும் இரண்டு நாள் சி.ஆர்.எம். வகுப்பில் மாற்றிவிடுமாம்.

பயிற்றுநர்கள் மட்டும் என்ன செய்வார்கள்? பாதிப் பேர் ஏர்லைன் அழைப்புக்குக் காத்திருக்கும் இளைஞர்கள். அழைப்பு வந்த மறுநாள் கிளம்பிவிடுவார்கள். மாணவன் பாதியில் நிற்பான். புது ஆள் வந்து, "உனக்கு யார் இப்படிச் சொல்லித் தந்தது?" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

இதையெல்லாம் நான் சொன்னால் பொறாமை. சரி, டி.ஜி.சி.ஏ.வுக்கும் பொறாமையா? 2025 அக்டோபரில் முதன்முறையாகப் பறக்கும் பள்ளிகளுக்குத் தரம் போட்டார்கள். 35 பள்ளிகள். ஏ பிளஸ் ஒன்றுகூட இல்லை. ஏ-யும் இல்லை. பி 13, சி 22. சி என்றால் நூற்றுக்கு ஐம்பதுகூட வாங்கவில்லை என்று அர்த்தம். தியரி பேப்பரில் மாணவன் 70 வாங்காவிட்டால் ஃபெயில், ஞாபகம் இருக்கட்டும். 2023 அக்டோபரில் பாராமதியில் ஒரே வாரத்தில் இரண்டு பயிற்சி விமானங்கள் விழுந்ததையும் யாரும் ரீல் போட்டுச் சொல்ல மாட்டார்கள்.

விளம்பரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்கும் பெற்றோர் எல்லோரும் இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள்: எத்தனை மாசம், எத்தனை லட்சம். பள்ளியில் போய்க் கேட்க வேண்டியவை வேறு. ஹேங்கரில் நிற்பதை எண்ணாதீர்கள், அதில் இன்றைக்குப் பறக்கும் நிலையில் எத்தனை என்று கேளுங்கள். ஒரு விமானத்துக்கு எத்தனை மாணவர்கள்? பயிற்றுநர்களில் இரண்டு வருடத்துக்கு மேல் இங்கேயே இருப்பவர் எத்தனை பேர்? மல்டி இன்ஜின் விமானம் சொந்தமா, வேறு ஊருக்கு அனுப்புவீர்களா? போன பேட்ச் சேர்ந்த நாளிலிருந்து லைசென்ஸ் கைக்கு வர நிஜத்தில் எத்தனை மாதம் ஆனது? கடைசியாக, ஆபீஸில் உட்காராமல் கேன்டீனுக்குப் போய் மூன்றாவது வருடமாக அங்கேயே இருக்கும் ஒரு மாணவனைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். எல்லாப் பள்ளியிலும் நாலு பேராவது இருப்பார்கள்.