ரிமாண்டில் இருக்கிறது என் காது

அமெரிக்க ராணுவத்தின் பீரங்கிப் பிரிவில் பணியாற்றிக் காதைப் பறிகொடுத்தவன் நான். பணிக்கால ஊனத்துக்கு இழப்பீடு கேட்டுச் செய்த மேல்முறையீட்டின் முடிவு அண்மையில் வந்தது. கிடைத்ததா, மறுத்தார்களா என்று மனைவி கேட்டாள். இரண்டும் இல்லை, ‘ரிமாண்ட்’, அதாவது மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றேன். தமிழ்ச் செய்தித்தாள்களில் அந்தச் சொல்லுக்குச் சிறைக்காவல் என்று பொருள். யோசித்தால் அதுவும் தவறில்லை.

காரணத்தைப் படித்தபோது வயிறு எரிந்தது. பணியிலிருந்து விடுபட்ட நாளில் செவித்திறன் இயல்பாக இருந்ததாகப் பதிவேட்டில் உள்ளது, ஆகவே இப்போதைய கேளாமைக்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று பரிசோதித்தவர் இரண்டே வரியில் எழுதிவிட்டார். அந்த ஒன்றை மட்டும் காட்டிக் கோரிக்கையைத் தள்ள முடியாது என்று படைவீரர் வழக்குகளுக்கான நீதிமன்றம் 1993-லேயே ஹென்ஸ்லி வழக்கில் சொல்லிவிட்டது. என் மேல்முறையீட்டை விசாரித்த படைவீரர் மேல்முறையீட்டு வாரியத்தின் நீதிபதி இந்தப் பிழையைச் சரியாகவே கண்டுபிடித்தார், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் முதலில் என் கோரிக்கையை மறுத்து, பிழை செய்த அலுவலகத்துக்கே கோப்பை அனுப்பி, வேறொரு மருத்துவக் கருத்தை வாங்கச் சொல்லியிருக்கிறாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இந்த உத்தரவு இறுதி முடிவு அல்லவாம், ஆகவே இதை எதிர்த்து நீதிமன்றத்துக்கும் போக முடியாது. மறுத்திருந்தாலாவது 120 நாட்களுக்குள் முறையிட்டிருப்பேன். பழைய முறையில், அலுவலகம் மீண்டும் மறுத்தால் கோப்பு தானாகவே வாரியத்துக்குத் திரும்பும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ‘சீர்திருத்த’ச் சட்டத்தின்படி, நான்தான் ஓராண்டுக்குள் மறுபடியும் படிவம் நிரப்பிப் புதிய வரிசையில் நிற்க வேண்டும். செக்குமாடாவது எண்ணெயைக் கண்ணால் பார்க்கும்.

சான்றுகள் இருபக்கமும் சமமாக இருந்தால் ஐயத்தின் பலன் வீரருக்கே என்று சட்டம் சொல்கிறது. திருப்பி அனுப்பிய கோப்புகளை விரைந்து முடிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எத்தனை நாட்களுக்குள் என்பதை மட்டும் எழுதவில்லை. வென்றால் விண்ணப்பித்த நாளிலிருந்து நிலுவையைக் கணக்கிட்டுத் தருவார்கள் என்று நண்பர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். கேட்காமல் போன ஆண்டுகளின் பேச்சுகளையும் அந்த நிலுவையில் சேர்ப்பார்களா?

புதிய செவிப் பரிசோதனைக்கான நேரத்தைத் தொலைபேசியில் தெரிவிப்பார்களாம். அதற்குப் போகத் தவறினால், இருக்கும் ஆவணங்களை வைத்தே முடிவு செய்துவிடுவார்கள். காது கேளாதவனின் கோப்பு என்பது அதன் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. உத்தரவு வந்த நாள் முதல் மனைவி வேலைக்குப் போகும்போது என் கைப்பேசியையும் எடுத்துச் செல்கிறாள்.