எந்தப் பாடம் என்று சண்டை போடுகிறோம், எந்த வகுப்பில் என்று யாரும் கேட்பதில்லை

சமூக அறிவியல் புத்தகம் மாறும்போதெல்லாம் ஒரே சண்டைதான் நடக்கிறது. யாரை எடுத்துவிட்டார்கள், யாரைச் சேர்த்தார்கள், யாருக்கு எத்தனை பக்கம் கொடுத்தார்கள். 2025 ஏப்ரலில், மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் ஏழாம் வகுப்புப் புதிய புத்தகத்தில் டெல்லி சுல்தான்களும் முகலாயர்களும் இல்லை என்று செய்தி வந்தது. ஜூலையில் எட்டாம் வகுப்புப் புத்தகம் வந்தபோது அவர்கள் அதில் இருந்தார்கள். மராத்தியர்களும் ஆங்கிலேயர் ஆட்சியும்கூட அதே புத்தகத்தில்தான். பாபரையும் அக்பரையும் எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று தொலைக்காட்சிகளில் விவாதம் நடந்தது. நடக்க வேண்டிய விவாதம்தான், எனக்கும் அதில் அழுத்தமான கருத்து உண்டு. ஆனால் ஏறத்தாழ அறுநூறு வருட வரலாற்றை மொத்தமாக 13 வயதுப் பிள்ளையின் தலையில் ஒரே வருடத்தில் வைத்தால் அது என்ன செய்யும் என்று அந்த விவாதங்களில் ஒருவரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர். ஆறிலிருந்து பத்து வரை எல்லா வகுப்புக்கும் போகிறேன். ஒரே பிள்ளையை ஐந்து வருடம் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்குத்தான் இந்த வரிசையில் இருக்கும் சிக்கல் தெரியும். அதனால் நம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை வைத்தே பேசுகிறேன். 2018-19ல் தொடங்கி வந்த புத்தகங்கள் தரமானவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. படங்கள், தாள், தகவல்கள் எல்லாமே முன்பிருந்ததைவிடப் பல படி மேலே. என் குறை வரிசையைப் பற்றியது.

ஆறாம் வகுப்பு முதல் பருவத்தில் சிந்துவெளி நாகரிகம் வருகிறது. கி.மு. என்று எழுதினாலும் பொ.ஆ.மு. என்று எழுதினாலும் பிள்ளைக்கு முன்னால் நிற்பது பின்னோக்கி ஓடும் எண். 3300 முன்னால் நடந்தது, 1900 அதற்குப் பிறகு. எண் பெரிதானால் காலம் பழையது. பத்து வருடமாக எண் ஏற ஏற 'பிறகு' என்று பழகிய பிள்ளை இதை எப்படி ஒரே நாளில் திருப்பிப் போடும்? அதே பிள்ளைக்குக் கணக்குப் பாடத்தில் பூச்சியத்துக்கு இடப்பக்கமும் எண்கள் இருக்கின்றன என்பதே மூன்றாம் பருவத்தில், 'முழுக்கள்' பாடத்தில்தான் வருகிறது. அதாவது, நான் ஜூலை மாதம் பிள்ளையிடம் எதிர்பார்க்கும் திறனை அடுத்த அறை கணக்கு டீச்சர் ஜனவரிக்குப் பிறகுதான் கொடுக்கப்போகிறார். இரண்டு புத்தகமும் ஒரே துறையிலிருந்து, ஒரே வருடத்தில் வந்தவை. எழுதியவர்கள் ஒரு நாள் ஒரே மேசையில் உட்கார்ந்து பருவம் பருவமாக ஒப்பிட்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்கும்.

இதன் விளைவு எப்படி இருக்கிறது என்றால், பிள்ளைகள் ஆண்டுகளைத் தொலைபேசி எண் மாதிரி மனப்பாடம் செய்கிறார்கள். பத்தாம் வகுப்புக்கு வந்தும் காலக்கோடு வரையச் சொன்னால் பலருக்கு அது கோடு போட்டுப் பக்கத்தில் ஐந்து நிகழ்ச்சிகளை எழுதும் ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி மட்டும்தான். இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவில் எவ்வளவு காலம் ஓடியது, அந்த இடைவெளியில் ஒரு மனிதர் பிறந்து வளர்ந்து கிழவராகியிருப்பாரா என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

வரலாறு பழையதிலிருந்து புதியதை நோக்கி வந்தது, ஆகவே படிப்பும் அப்படியே வர வேண்டும் என்று நாம் ஏனோ முடிவு செய்துவிட்டோம். ஆறாம் வகுப்பில் ஆதிமனிதன், ஏழில் சுல்தான்களும் விஜயநகரமும் முகலாயர்களும், எட்டில் கம்பெனி ஆட்சி. ஒன்பதில் மறுபடியும் ஆதிமனிதனிலிருந்து தொடங்கித் தொழிற்புரட்சி, காலனியாதிக்கம் வரை. யோசித்துப் பாருங்கள், எழுத்தே இல்லாத காலத்தை எலும்பையும் கல்லையும் வைத்து ஊகிப்பதுதான் வரலாற்றிலேயே கடினமான வேலை. அதை 11 வயதில் முதல் பாடமாக வைக்கிறோம். பாட்டியிடம் கேட்டாலே தெரிந்துகொள்ளக்கூடிய எண்பது வருடத்தைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறோம்.

அதற்குப் பதிலாக ஆறாம் வகுப்பில் வரலாற்றைச் சாப்பாட்டிலிருந்து தொடங்கலாம். பாட்டி படித்திருந்தால் காமராசர் 1956ல் கொண்டுவந்த மதிய உணவைச் சாப்பிட்டிருக்கலாம். அம்மா சாப்பிட்டது 1982ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு. பிள்ளை சாப்பிட்டது 2022ல் தொடங்கி அடுத்த வருடம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவு. மூன்று தலைமுறை, மூன்று ஆண்டுகள், ஒரே வீடு. இதைக் காலக்கோடாகப் போடும் பிள்ளைக்கு இடைவெளி என்றால் என்ன என்பது புரியும். பாட்டி சொல்வதும் அம்மா சொல்வதும் சில இடங்களில் ஒத்துவராது. அப்போது யார் சொல்வதை எடுத்துக்கொள்வது, எதை வைத்துச் சரிபார்ப்பது என்ற கேள்வி தானாக வரும். வரலாற்றின் அடிப்படைக் கேள்வியே அதுதான். இதைக் கடந்துவிட்ட பிள்ளையிடம் கீழடிப் பானை ஓட்டில் கீறியிருக்கும் பெயரைக் காட்டிப் பாருங்கள். ஒருவர் ஏன் பானையில் பெயரை எழுத வேண்டும் என்று அதுவே கேட்கும்.

அப்படியானால் பக்கத்தில் இருப்பதை முதலில், தூரத்தில் இருப்பதைப் பிறகு வைத்தால் சரியாகிவிடுமா? அதுவும் முழுப் பதில் இல்லை. குடும்பம், அக்கம்பக்கம், ஊர், மாவட்டம், மாநிலம், நாடு என்று வட்டம் வட்டமாக விரியும் முறை அமெரிக்காவில் பால் ஹன்னா போன்ற கல்வியாளர்களால் 1930களிலிருந்து பரவியது. நம் தொடக்கப் பள்ளிப் புத்தகங்களிலும் அதன் சாயல் இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தன் குடும்பத்தைப் பற்றிப் புத்தகம் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? ஆனால் அதே பிள்ளையிடம் பாரி முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்த கதையைச் சொல்லுங்கள், கண் விரியும். எகிப்தில் பிணத்தைத் துணியில் சுற்றிப் பாதுகாத்தார்கள் என்று சொல்லுங்கள், மணி அடித்தாலும் எழுந்திருக்காது. கதையாகச் சொன்னால் எட்டு வயதுக்கு எந்தத் தூரமும் தூரமில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒரு விஷயம் அருகிலா தூரத்திலா என்பதைவிட, அதை வைத்து அந்த வயதில் பிள்ளையிடம் என்ன வேலை வாங்குகிறோம் என்பதுதான் அளவுகோலாக இருக்க வேண்டும். கதை கேட்பது ஒரு வேலை. முன்பின் வரிசைப்படுத்துவது வேறு. காரணம் தேடுவது அதைவிடக் கடினம். என் பக்கமும் எதிர்ப் பக்கமும் இரண்டிலும் நியாயம் இருக்கிறது என்று மனதில் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்வது பெரியவர்களுக்கே கஷ்டம். நம் வகுப்புவாரித் திட்டத்தில் பாடத் தலைப்புகள் மட்டும் வளர்கின்றன, இந்த வேலை வளர்வதில்லை.

உள்ளாட்சியைப் பாருங்கள். தொடக்க வகுப்பில் நகராட்சி, மாநகராட்சி. ஆறாம் வகுப்பில் ஊரகமும் நகர்ப்புறமும். ஒன்பதில் மறுபடி உள்ளாட்சி. ஒவ்வொரு முறையும் தகவல் கொஞ்சம் கூடுகிறது. 1992ல் வந்த அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம், மூன்று அடுக்கு, யார் யாருக்குத் தலைவர். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் சொன்ன சுருள் முறை என்று இதற்குப் பெயர் சொல்கிறார்கள். திரும்ப வரும்போதெல்லாம் ஆழம் கூட வேண்டும் என்பதுதான் அவர் சொன்னது, இங்கே பட்டியல்தான் கூடுகிறது. ஆகஸ்ட் 15 அன்று பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் வாங்கிக்கொண்டு பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறார்கள். அன்றைக்கே அதே ஊரில் கிராம சபை கூடுகிறது. தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு நாள் கூட வேண்டிய சபை. ஆறாம் வகுப்புப் பிள்ளை அங்கே போய் உட்கார்ந்து யார் பேசினார்கள், எத்தனை பெண்கள் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று குறித்துவந்தால் போதும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அங்கே வைக்கப்படும் வரவு செலவுக் கணக்கைப் படித்து, வீட்டு வரி எவ்வளவு வந்தது, மேலிருந்து மானியம் எவ்வளவு வந்தது, குடிநீருக்கு எவ்வளவு போனது என்று பிரித்துப் பார்க்கட்டும். பாடம் ஒன்றேதான், பிள்ளை வளர்ந்திருக்கும்.

எங்கள் பள்ளி இருப்பது டெல்டாவின் கடைமடையில். அதனால் காவிரியை எப்படி வகுப்பு வகுப்பாக வளர்க்கலாம் என்று எனக்கு ஒரு கனவே உண்டு. ஐந்தாம் வகுப்புக்கு வாய்க்கால் போதும். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தார்கள் என்று செய்தி வருகிறது, நம் ஊர் மதகுக்கு என்றைக்கு வந்து சேர்ந்தது என்று பிள்ளைகள் சுவரில் எழுதிவைக்கட்டும். ஏழாம் வகுப்பில் வரைபடத்தை எடுத்துத் தலைக்காவிரியிலிருந்து கிருஷ்ணராஜசாகர், மேட்டூர், கல்லணை என்று விரலை ஓட்டிக்கொண்டு வர வேண்டும். சரிவு என்றால் என்ன, மேற்கில் பெய்யும் மழை கிழக்கில் இருக்கும் நமக்கு ஏன் முக்கியம் என்பது அப்போது புரியும். எட்டாம் வகுப்பில் கம்பெனிக் காலமும் ஆங்கிலேயர் ஆட்சியும் வருகிறதல்லவா, அங்கே 1892, 1924 ஒப்பந்தங்கள். சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் நடந்த பேரம் என்பதால் ஆங்கிலேய ஆட்சி எப்படி நடந்தது என்பதற்கும் அது நேரடி உதாரணம்.

பத்தாம் வகுப்பில் மத்திய அரசு, மாநில அரசு என்று குடிமையியலில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. அங்கே அதே நதி வர வேண்டும். 1990ல் அமைந்த நடுவர் மன்றம், 2007 இறுதித் தீர்ப்பு, மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 192 டிஎம்சியை 177.25 ஆகக் குறைத்த 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பெங்களூரின் குடிநீருக்காக அதில் சொல்லப்பட்ட காரணம். அந்த வகுப்பில் கர்நாடகத்தின் மாண்டியா விவசாயியின் வாதத்தையும் பிள்ளைகள் எழுதிப் பார்க்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அது கசக்கும். அவர்கள் வீட்டில் பயிர் காய்ந்திருக்கிறது. ஆனால் 15 வயதில் அந்தக் கசப்பைத் தாங்கி யோசிக்க முடியும், பத்து வயதில் அதைக் கேட்பது நியாயமில்லை. எந்த வகுப்பில் எது என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இதெல்லாம் நடக்கவிடாமல் தடுப்பது எது? ஒன்று எல்லோருக்கும் தெரிந்த பத்தாம் வகுப்புத் தேர்வு. ஜூன் மாதம், முதலாம் உலகப்போரில் தொடங்கி, மொத்த உள்நாட்டு உற்பத்தி, வெளியுறவுக் கொள்கை, இந்தியப் புவியியல், தமிழ்நாட்டுப் புவியியல் என்று நான்கு பாடங்களின் சுமை ஒரே தாளில். இன்னொன்றை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. நம் பள்ளிப் புத்தகங்கள் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவர்களின் புத்தகங்களாகவும் ஆகிவிட்டன. குரூப் 4 எழுதும் அண்ணனும் ஆறாம் வகுப்புத் தம்பியும் ஒரே புத்தகத்தைப் படிக்கிறார்கள். அந்த அண்ணன்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களுக்கு அரசு தனியாக நல்ல நூல்கள் தர வேண்டும். ஆனால் 'உங்களுக்குத் தெரியுமா' பெட்டிகள் நிரம்பிய, தகவல் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று பயந்து எழுதிய ஒரு புத்தகம் 11 வயதுக்கு எழுதிய புத்தகம் ஆகாது.

வேறு மாதிரி செய்ய முடியும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் ஏகலவ்யா அமைப்பு 1980களில் சில அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரை சமூக அறிவியலைப் புதிதாக வடிவமைத்தது. புத்தகத்தைத் திறந்துவைத்தே தேர்வு எழுதினார்கள் பிள்ளைகள். புத்தகம் கையில் இருக்கும்போது ஆண்டைக் கேட்டு என்ன பயன்? கேள்வி தானாக மாறிவிடும். எட்டாம் வகுப்பு வரை பொதுத்தேர்வு இல்லாத நம் ஊரில் இதைச் செய்ய எந்தத் தடையும் இல்லை.

அடுத்த முறை பாடத்திட்டம் எழுத உட்காரும்போது வரலாற்றுக் குழு, புவியியல் குழு என்று பிரிவதற்கு முன்னால், மூன்றாம் வகுப்பு டீச்சரும் பத்தாம் வகுப்பு ஆசிரியரும் கணக்கு ஆசிரியரும் ஒரே அறையில் சில வாரம் இருக்கட்டும். பேராசிரியர்கள் பிறகு வரட்டும். உள்ளாட்சி, நீர், காலம், வரைபடம், பணம் என்று ஒவ்வொரு சரடையும் எடுத்து, எந்த வயதில் பிள்ளை இதை வைத்து என்ன செய்யும் என்று ஒரே தாளில் எழுதட்டும். புத்தகம் அதற்குப் பிறகு.

எனக்கு ஒரே ஒரு மாற்றம் செய்யும் அதிகாரம் கொடுத்தால் எதை மாற்றுவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு வரலாற்றில் கடைசிப் பாடம் 'தமிழ்நாட்டில் சமூக மாற்றங்கள்'. கடைசிப் பாடம் என்பதால் திருப்புதல் தேர்வு நெருக்கத்தில் முக்கிய வினாக்களை மட்டும் குறிக்கவைத்து முடித்துவிடும் பள்ளிகள் நிறைய. நீதிக்கட்சியும் சுயமரியாதை இயக்கமும் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் அந்த அவசரத்தில் ஒரு மதிப்பெண் விடைகளாகக் கடந்துபோகிறார்கள். அதை எட்டாம் வகுப்புக்கு, ஜூன் மாதத்துக்குக் கொண்டுவருவேன். உங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுதப் படிக்கக் கற்றவர் யார், எந்தப் பள்ளியில், அங்கே அவரை எங்கே உட்காரவைத்தார்கள் என்று வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். அரசு வேலைகளைச் சமூகவாரியாகப் பகிர்ந்த 1921 வகுப்புவாரி அரசாணையை அதற்கு அடுத்த வாரம் தொடங்குவேன்.