‘அதே கலர்தான்’ என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்

மாதாமாதம் சந்தாதாரர்களுக்கு நகைப் பெட்டி அனுப்புகிற தொழிலில், உள்ளே இருக்கும் நகை ஒவ்வொரு முறையும் மாறும். ஒரு மாதம் தோடு, அடுத்த மாதம் மோதிரம், அப்புறம் ஒரு மெல்லிய சங்கிலி. மாறாமல் இருக்க வேண்டியது பெட்டி ஒன்றுதான். அந்த ஒன்றைக்கூட, பெட்டி அடித்துத் தருகிறவர்களால் போன முறை எப்படிச் செய்தார்களோ அப்படியே செய்து தர முடியாதா? கேட்டுக் கேட்டு எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

இப்போது வந்திருக்கிற லாட்டைச் சொல்கிறேன். எங்களுடையது லேசாக மஞ்சள் ஓடுகிற அடர் பச்சை. வந்திருப்பது நீலம் தட்டுகிற பச்சை. சரி, கலரை அப்புறம் பேசலாம் என்று பெட்டியைத் தூக்கினால் மூடி மட்டும் கையோடு வருகிறது, அடிப்பெட்டி மேசையிலேயே நிற்கிறது. முன்பு மூடியைப் பிடித்துத் தூக்கினால் அடிப்பெட்டி நிதானமாக, சத்தமில்லாமல் இறங்கும். அந்த இறுக்கம் வர வேண்டும் என்பதற்காகவே மாதிரி மேல் மாதிரி போட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டோம். வெர்னியர் வைத்து அளந்தால் குட்டு வெளிப்படுகிறது. 2 மில்லிமீட்டர் அட்டைக்குப் பதில் 1.5 மில்லிமீட்டர் அட்டை போட்டிருக்கிறார்கள். ஒரு சுவருக்கு அரை மில்லி, எதிரெதிர்ச் சுவர் இரண்டும் சேர்ந்தால் 1 மில்லி, அடிப்பெட்டி அவ்வளவு சுருங்கிவிட்டது, மூடியின் உள்ளளவு மட்டும் பழையபடியே இருக்கிறது. கேட்டால், “அந்த அட்டை ஸ்டாக் இல்ல மேடம், இதுவும் நல்ல அட்டைதான்” என்கிறார்கள். நல்ல அட்டையா என்று யார் கேட்டது? அட்டையை மாற்றப் போகிறோம் என்று முன்கூட்டியே ஒரு போன் செய்தால் என்ன குறைந்துவிடும்?

கலர் விஷயத்தில் வரும் பதில் இன்னும் மோசம். “அதே ஃபைல்தான் மேடம் போட்டோம்.” ஃபைல் ஒன்றாக இருந்தால் கலர் ஒன்றாக வந்துவிடுமா? சிஎம்ஒய்கே-யில் நான்கு மையைப் புள்ளி புள்ளியாகச் சேர்த்து அந்தப் பச்சையை உண்டாக்கும்போது, அன்றைக்கு மெஷினில் ஒரு மை கொஞ்சம் தூக்கலாக ஓடினாலே ஷேட் நகர்ந்துவிடும். தாளின் வெண்மை மாறினால் மாறும். மேலே மேட் லேமினேஷன், அதாவது பளபளப்பில்லாத மெல்லிய பிளாஸ்டிக் படலம், போட்டால் அடர்ந்த நிறங்கள் சாம்பல் பூத்தது போல மங்கும். இதற்காகத்தான் முன்கூட்டியே கலந்து வைத்த ஸ்பாட் கலர் கேட்கிறோம், ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் வைத்திருக்கிற பான்டோன் பட்டியலின் எண்ணைக் கொடுக்கிறோம். 1963-லிருந்து இருக்கிற ஏற்பாடு இது, புதிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. ஆனால் எண்ணுக்குப் பின்னால் சி என்றோ யு என்றோ ஓர் எழுத்து இருப்பதை ஒருவரும் கண்டுகொள்வதே இல்லை. பூச்சுள்ள தாளுக்கு சி, பூச்சில்லாத தாளுக்கு யு. மை ஒன்றே ஆனாலும் இரண்டு தாளில் இரண்டு தோற்றம். பெட்டிக்காரர் ஒன்றைப் பார்க்கிறார், ஸ்டிக்கர் அடிப்பவர் இன்னொன்றைப் பார்க்கிறார், ரிப்பன்காரர் தன்னிடம் இருக்கிற சாய லாட்டில் ‘கிட்டத்தட்ட’ ஒன்றை எடுத்து அனுப்புகிறார். பெட்டி மேல் பளபளப்பாக ஒட்டி அச்சிடுகிற ரோஸ் கோல்டு ஃபாயில் பற்றிக் கேட்கவே வேண்டாம், ஒவ்வொரு கம்பெனி ரோலுக்கும் ஒரு ரோஸ். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மேசைக்கு வரும்போது ஒரே பிராண்டு மாதிரியா இருக்கிறது?

அதிலும் ப்ரூஃபை, அதாவது ஒப்புதலுக்குக் காட்டும் மாதிரி அச்சை, ட்யூப் லைட் வெளிச்சத்தில் நீட்டி, “பாருங்க, மேட்ச் ஆகுதே” என்பார்கள். ஜன்னல் பக்கம் கொண்டுபோனால் இரண்டும் வேறு வேறு. ஒரு வெளிச்சத்தில் பொருந்துகிற இரண்டு நிறம் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து நிற்கும் என்பது அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாத ரகசியமா என்ன? 5000 கெல்வின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று தரமே இருக்கிறது. வித்தியாசத்தை டெல்டா இ என்று ஓர் எண்ணாகவே சொல்லிவிடுகிற கருவியும் இருக்கிறது. இருந்தும் எனக்குக் கிடைப்பது “லைட்டா ஷேட் மாறத்தான் மேடம் செய்யும்”.

அப்புறம் எண்ணிக்கை. 1000 கேட்டால் 920 வரும். பத்து சதவீதம் முன்னே பின்னே இருப்பது அச்சு வழக்கமாம். ஆயிரம் சந்தாதாரர் இருக்கிறார்கள், 80 பேருக்குப் பெட்டி இல்லை என்றால் நான் எங்கே போவது? அந்த 80-ஐத் தனியாக அடித்து வாங்கினால் அது வேறு ஓட்டம், வேறு ஷேட். ஒரே மாதத்திலேயே இரண்டு பச்சை போகும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கோளாறு. எனக்கு ரத்தம் கொதிப்பது கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லாமல் மாற்றுகிறார்களே, அதற்குத்தான். உள்ளே வைக்கிற ஃபோம், டிஷ்யூ, ஒட்டுப் பசை எல்லாவற்றிலும் கந்தகம் இருக்கக் கூடாது என்று எழுத்தில் கொடுத்திருக்கிறோம். கந்தகச் சேர்மம் பட்டால் வெள்ளியின் மேல் சில்வர் சல்பைடு படிந்து கறுக்கும், மூடிய பெட்டிக்குள் கிடந்தால் கேட்கவே வேண்டாம். அப்படியிருக்க ஃபோமைச் சத்தமில்லாமல் மாற்றியிருக்கிறார்கள், போதாததற்கு உள்ளட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். ரப்பரைக் கெட்டிப்படுத்துவதே கந்தகம் சேர்த்துத்தானே! வாடிக்கையாளர் பெட்டியைத் திறந்து கறுத்த தோட்டைப் பார்த்தால் ஃபோமையா திட்டுவார்? 92.5 சதவீத வெள்ளி என்று சொல்லிப் போலியை அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். அந்தப் பெயரை மறுபடி சம்பாதிக்க முடியுமா?

இதைச் சொன்னால் சிலர், “நகை நல்லா இருந்தா போதும், பெட்டியை யார் பார்க்கிறாங்க” என்று அறிவுரை சொல்ல வருகிறார்கள். எல்லாரும் பார்க்கிறார்கள்! கடையில் வாங்குபவர் கையில் ஒரு பெட்டிதான் இருக்கும். சந்தாதாரர் போன மாதப் பெட்டியைத் தூக்கிப் போடுவதில்லை, அதிலேயே நகையை வைத்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குகிறார். ஒரு ஷேட் மாறினால் அடுக்கில் பளிச்சென்று தெரியும். உள்ளே என்ன வரப்போகிறது என்று தெரியாமலே முன்பணம் கட்டி நம்பிக் காத்திருப்பவர் அவர். அவர் கைக்கு ஏனோதானோவென்று ஒரு பெட்டியைக் கொடுக்க எனக்கு மனசு வராது.

இந்த லாட்டை நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை, சொல்லிவிட்டேன். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட மாஸ்டர் சாம்பிள் இருக்கிறது, அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். அட்டையின் தடிமன், லேமினேஷன், ஃபாயில் ரோலின் குறியீட்டு எண், ஃபோம் இவற்றில் எது மாறினாலும் அச்சுக்குப் போவதற்கு முன் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும், எண்ணிக்கை குறையக் கூடாது, கூடினால் கூடட்டும். அடுத்த ஆர்டரில் இது இல்லாமல் முன்பணம் ஒரு பைசா போகாது.