மாஞ்சோலை பேய் ஊர் இல்லை

அந்த ரீலை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். திருநெல்வேலி மாவட்ட மலையில், மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டில் பூட்டிக் கிடக்கும் தொழிலாளர் லைன் வீடுகளைக் காட்டி, திகில் இசை போட்டு, 'பேய் ஊர்' என்கிறார் அந்தத் தம்பி. ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

மாஞ்சோலை பேய் ஊர் இல்லை. அதே மலையில் இருக்கும் நாலுமுக்கும் இல்லை, ஊத்தும் இல்லை. எதற்கோ பயந்து நாங்கள் ஓடிவரவில்லை. இறக்கிவிட்டார்கள்.

சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 8,374 ஏக்கரை பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. காட்டைத் தேயிலையாக்கியது எங்கள் தாத்தா பாட்டிகளின் கைகள். குத்தகை முடிய 2028 ஆகும். ஆனால் 2024 ஜூனிலேயே விருப்ப ஓய்வு என்று கம்பெனிக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். எஸ்டேட்டில் வேலை போனால் வீடும் போகும். இதில் எங்கள் விருப்பம் எங்கே இருக்கிறது?

அம்மா முப்பத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவள். கல்லிடைக்குறிச்சி வாடகை வீட்டில் இப்போதும் விடியுமுன் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். மழை பெய்தால், "மேல அட்டை ஏறும்ல" என்பாள். வேறொன்றும் பேச மாட்டாள்.

'புலிகள் காப்பகம்தானே, காடு காடாகட்டும்' என்பீர்கள். ஆகட்டும். கக்காச்சியில் சிங்கவால் குரங்கைப் பார்த்து வளர்ந்தவன் நான், காடு எனக்கும் வேண்டும். நாலு தலைமுறை உழைத்தவர்களுக்குக் கீழே ஒரு வீடும் கொஞ்சம் நிலமும் கேட்பது காட்டுக்கு எதிரான பேச்சா? 'படித்து வெளியே வந்திருக்கலாமே' என்பவர்களுக்கு: நான் வந்தேன். நான் படிக்க அம்மா அங்கேயே நின்றாள். போதுமா?

சரி, செத்தவர்களைப் பற்றித்தான் பேச வேண்டுமென்றால் 1999 ஜூலை 23-ஐப் பேசுங்கள். கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்த தொழிலாளர்களை விடச் சொல்லியும் திருநெல்வேலியில் எங்கள் எஸ்டேட் தொழிலாளர்கள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடிக்குத் தப்பி தாமிரபரணியில் இறங்கினார்கள். செத்தது 17 பேர். அதில் ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு. அவர்களுடைய மாஞ்சோலையைக் காட்டித்தான் பேய் என்கிறீர்கள். இறங்க மாட்டோம் என்று மேலேயே நின்றவர்கள் காதில் அது எப்படி விழும்?

ரீலில் ஒரு நீலக் கதவு வருகிறது. அதில் சாக்பீஸால் ஏழாம் வாய்ப்பாடு எழுதியிருக்கிறது, பாதி அழிந்து. அக்கா மகள் எழுதியது. எங்கள் வீடு அது.

தம்பி, அதை எடுத்துவிடு. அம்மா இன்னும் பார்க்கவில்லை.